முதல் பாதிக்கே பச்சை

“சின்னப்புள்ளையே இல்லாத வீட்டுல இருந்துக்கிட்டு, பிள்ளைங்க தூக்கத்தைப் பத்திக் கேள்வி கேக்கீராக்கும்?”

லிஃப்ட் வாசலில் இசக்கியம்மாள் போட்ட சத்தம் பதினேழாவது மாடிவரை கேட்டது. தூத்துக்குடி கடலோர அடுக்குமாடியின் தரைத்தளத்தில் மாவு அரைத்து விற்றுப் பிழைப்பவள். புருஷன் போய் ஒன்பது வருஷம். எதிரே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஞானதுரை, கையில் முடிவுத்தாளோடு.

“எங்கிட்ட ஏம்மா கத்துத? நூத்துக்குத் தொண்ணூத்தாறு. உளமானி பொய் சொல்லுமா?”

சொல்லாதுதான். அது வந்தபிறகுதானே கைதூக்கல், சீட்டுப் போடல் எல்லாம் ஒழிந்தன. காதுக்குப் பின்னால் மிளகளவு வில்லை. மாதம் ஒரு கேள்வியை ஓதும். உள்ளம் ஒப்பினால் தாளில் பச்சை, மறுத்தால் சிவப்பு. வாய் பொய் சொல்லும், உள்ளம் சொல்லாது என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. வந்த முடிவை ஏழு வருஷம் யாரும் தொடக்கூடாது.

ஞானதுரை எழுதிய கேள்வி இது: ‘நம் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்க, தரைத்தள இயந்திர இரைச்சலை நிறுத்தலாமா?’ கிரைண்டருக்கு நேர் மேலே யாருடைய படுக்கையறை என்பதைக் கேள்வி சொல்லவில்லை. பரவாயில்லை, ஊர் சொல்லும்.

“உன் பேருக்கு நேரயும் பாரு.”

பார்த்தாள். பச்சை. தாளைப் பிடுங்கி இன்னொரு தடவை பார்த்தாள். அப்போதும் பச்சை.

முறையீடு கொடுத்தாள். வில்லையைச் சோதிக்க மெக்கானிக் சேவியர் வந்தான். வயது நாற்பது, கல்யாணமாகவில்லை, அதையும் விசாரித்தாயிற்று.

“வில்லை சரியாத்தான் இருக்கு. உள்ளம் அவசரக்குடுக்கை. ‘பிள்ளைங்க நிம்மதியா’ன்னதுமே பச்சை விழுந்துரும். மிச்சக் கேள்வியை யாரு கேக்கா?”

“அப்ப எழுதுறவன் வச்சதுதான் சட்டமா?”

சேவியர் சிரித்தான். ஒரு நாள் வேலைக்கு எட்டு நாள் வந்தான்.

யாரும் கேள்வி கொடுக்கலாம் என்று விதி. அடுத்த மாதக் கேள்வி இசக்கியம்மாளுடையது: ‘பன்னிரண்டு வருஷம் நமக்காக ஓடாய்த் தேய்ந்த ஞானதுரை ஐயாவுக்கு இனியாவது ஓய்வு தரலாமா?’ கேட்டதும் ஞானதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. நூற்றுக்கு நூறு. அதில் அவரும் ஒருவர்.

அவர் பதவி போயிற்று. ஏழு வருஷ விதியால் கிரைண்டர் மட்டும் திரும்பவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு கேள்வி எழுதக் கற்றுக்கொண்டார்கள். ஒரே வருஷத்தில் நாய், கருவாடு, மொட்டைமாடிக் கிரிக்கெட் எல்லாம் போயின. எல்லாம் தொண்ணூறுக்கு மேல், எல்லாம் அவரவர் மனமார. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

“நம்ம விஷயத்தையும் உளமானியில போட்டுப் பாத்துருவமா?” என்று சேவியர் ஒருநாள் இழுத்தானாம்.

“அதக் கழத்தி வச்சிட்டு வாயத் தொறந்து கேளும்.”

கேட்டான். அவள் மூன்று நாள் யோசித்தாள். அந்தக் கட்டடத்தில் ஒரு கேள்வியை அவ்வளவு நேரம் யாரும் யோசித்ததில்லை.

“சரி. ஆனா கிரைண்டர் எங்கூட வரும். ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்கு நீரு தனியாத்தான் போவணும்.”

கோவில்பட்டியில் இருக்கிறார்கள், மாவு நன்றாகப் போகிறதாம். ஞானதுரை மகள் வீட்டுக்கு, நாசரேத்துக்குப் போய்விட்டார். வரச்சொல்லி மகள் உளமானியில்தான் கேட்டாளாம். ‘பேரப்பிள்ளைகளோடு’ என்று கேள்வி தொடங்கியதாகக் கேள்வி.