வாலிலிருந்து மூக்கு வரை

கடைசி வரிசை இருக்கையிலிருந்து எழுந்தபோது லைல் ஹாஸ்டெட்லருக்கு முழங்கால் வலிக்கவில்லை.

பல வருடங்களாக, உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் அவனை முனக வைத்த வலது முழங்கால் அது. மே மாத அரிசோனா வெயிலில் வெந்துகொண்டிருந்த அந்தப் பழைய விமானத்துக்குள், மட்கிய துணியும் எலிப் புழுக்கையும் காய்ந்துபோன எண்ணெயும் கலந்த வாடையில், சூடு இலவசமாக ஒத்தடம் கொடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். சந்தோஷமாகவே இருந்தது.

"கடைசி வரிசை முடிஞ்சுது" என்றான் வாக்கி-டாக்கியில். "அடுத்ததுக்கு வரேன்."

"வா வா, மகாராஜா. எனக்கென்ன, நிழல்ல உக்காந்து பரிட்டோ சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் டோரீன் குயின்டானா கீழேயிருந்து.

ரெட்பட் ஏர்வேஸ் என்று ஒரு விமான நிறுவனம். அதற்கு விமானமும் கிடையாது, பயணிகளும் கிடையாது. நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும் சிலர் தங்கள் வீட்டுக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, ஐம்பதுகளின் விமானங்களை அந்தக் காலத்து நேரப்படியே ஓட்டுவார்கள். டென்வருக்கு மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரமும் திரையை விட்டு நகர மாட்டார்கள். பைத்தியங்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னால் மறுப்பதற்கில்லை. அந்த விமானங்களுக்கு வேண்டிய நிஜ விவரங்களைச் சேகரித்துத் தருவது லைலின் வேலை. அவன் மூன்று வருடம் இழைத்து இழைத்துக் கணினியில் செய்த கான்வேர் விமானத்தை, புதிதாகச் சேர்ந்த ஒரு பயல் "சோபாவை ஓட்டுற மாதிரி இருக்கு" என்று எல்லோரும் பார்க்க எழுதிவிட்டான். மனைவி விட்டுப் போன வீட்டில் லைலுக்கு என்று மிஞ்சியிருந்தது அந்த விமானம் ஒன்றுதான். அதைப் பார்த்தும் ஒருவன் சிரித்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

அதனால்தான் இங்கே வந்திருந்தான். பாலைவனத்தின் இந்தப் பழைய விமானக் கிடங்கில் நிஜமான கான்வேர் ஒன்று, இருக்கைகள் கழற்றப்படாமல் நின்றது. திங்கட்கிழமை அதை வெட்டப் போகிறார்கள். கிடங்குக்காரர் மூன்று சக்கரங்களுக்கும் அடியில் தராசுப் பலகைகளைப் போட்டுக் கொடுத்துவிட்டு, சாப்பிட ஊருக்குள் போய்விட்டார். மூன்று பலகைகளின் எடையையும் காட்டும் பெட்டி, இறக்கையின் நிழலில் ஒரு மடக்கு மேசைமேல் இருந்தது.

செய்ய வேண்டியது எளிது. ஒரு சராசரிப் பயணி ஒவ்வொரு வரிசையிலும் உட்கார வேண்டும். உட்காரும்போது விமானத்தின் பாரம் முன்னும் பின்னும் எப்படிச் சாய்கிறது என்று பெட்டி காட்டும். அந்தக் காலத்து நிறுவனங்கள் ஒரு பயணிக்கு நூற்றெழுபது பவுண்டு என்று கணக்கு வைத்திருந்தன. லைலின் எடையும் ஏறக்குறைய அதுதான். "நான் ஏறினேன்னா விமானம் வாலைத் தரையில வச்சுக் குந்திக்கும்யா, நீயே போ" என்று, ரெட்பட்டில் அவனைப் போலவே விமானம் ஓட்டும் டோரீன் அவனை அனுப்பிவிட்டாள். வாலில் தொடங்கினால் மூக்கு வரை ஒரு வரிசை விடாமல் முடிக்க வேண்டும். அரைகுறை விவரம் ரெட்பட்டில் ஏறாது. அந்த விதியைப் போட்டவனே லைல்தான்.

பின்னாலிருந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தான். ஸ்பிரிங் கிறீச்சிட்டது. எழுந்தான். மூன்றாவது. நான்காவது. வெளியே காற்று கிளம்பி மணலை விமானத்தின் வயிற்றில் வாரி இறைத்தது. ஒவ்வொரு முறை எழும்போதும் உடம்பு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்தது. காலையில் இறுக்கிக் கட்டிய பெல்ட் இப்போது உறுத்தவில்லை.

"லைல்" என்றாள் டோரீன். "எந்த வரிசையில இருக்க?"

"பின்னாலேர்ந்து அஞ்சாவது."

"விளையாடாத. கடைசி வரிசையிலதான இருக்க?"

"இல்லம்மா. அஞ்சாவதுல."

"நீ முன்னால வர வர மூக்குச் சக்கரத்துல எடை ஏறணும்ல? ஏறவே மாட்டேங்குது. நீ வாலுலயே உக்காந்திருக்கிற மாதிரிதான் பெட்டி காட்டுது."

"பலகையில மணல் அடைச்சிருக்கும். தட்டிப் பாரு."

அவள் தட்டிப் பார்த்தாள். "மணலெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று முணுமுணுத்தாள். லைல் ஆறாவது வரிசைக்குப் போய் உட்கார்ந்தான்.

ஸ்பிரிங் கிறீச்சிடவில்லை.

எழுந்து, மறுபடி வேண்டுமென்றே தொப்பென்று உட்கார்ந்தான். சத்தமே இல்லை. நீலத் துணி மெத்தை அவனுக்குக் கீழே கொஞ்சமும் அமுங்காமல், புதிதாக விரித்த படுக்கை போல அப்படியே இருந்தது. குனிந்து நடைபாதையைப் பார்த்தான். அறுபது வருடத் தூசி படிந்த கம்பளத்தில், வாலின் பக்கம் அவனுடைய பூட்ஸ் தடம் தெளிவாகத் தெரிந்தது. முன்னால் வர வர மங்கியிருந்தது. அவன் கால் வைத்திருந்த இடத்தில் தடமே இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில். மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று.

அவனுக்குத் தெரிந்த சத்தம்தான். சின்ன வயதில் உடைந்த மூக்கு அவனுடையது. தூங்கினாலும் விழித்திருந்தாலும் விசிலடிக்கும். அந்த மூக்கோடு மனிதன் தூங்க முடியுமா என்று மனைவி கேட்காத நாளில்லை. லைல் மூச்சை அடக்கிக்கொண்டான்.

விசில் நிற்கவில்லை.

பின்னாலிருந்து வந்தது. ஒன்றல்ல. ஒன்று முடியுமுன் இன்னொன்று, கொஞ்சம் தள்ளி மற்றொன்று. கூடவே புதினா வாசம், காலையில் அவன் மென்று துப்பிய சூயிங்கத்தின் வாசம், சூடான மூச்சாகப் பிடரியில் பட்டது.

திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தைரியம் வரவில்லை.

"டோரீன்" என்றான். குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. "பெட்டி என்ன சொல்லுது?"

"என்ன? சத்தமாப் பேசு, காத்துதான் கேக்குது."

வாக்கி-டாக்கி கனத்தது. இரண்டு கைகளாலும் பிடித்தான். செங்கல் போல, பிறகு இரும்புக் குண்டு போலக் கனத்து, விரல்களை விலக்கிக்கொண்டு இருக்கையில் விழுந்தது. விழுந்த இடத்தில் மெத்தை அமுங்கியது. அவனுக்கு அமுங்காத மெத்தை.

இனி எந்த வரிசையும் வேண்டாம். எந்த விவரமும் வேண்டாம். சோபா என்றே சொல்லிக்கொள்ளட்டும்.

ஓடினான். ஓட்டம் என்று சொல்ல முடியாது. கால் தரையைப் பிடிக்கவில்லை. இருக்கை முதுகுகளைப் பற்றி இழுத்து இழுத்து முன்னால் போனான். பின்னால் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. யாரோ வசதியாகச் சாய்ந்து உட்காரும் சத்தம். முன்கதவு. வெளிச்சம். படிக்கட்டு.

ஏறும்போது ஒவ்வொரு படியும் முனகியது நினைவிருந்தது. இறங்கும்போது ஒன்றும் முனகவில்லை.

டோரீன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் காகிதம் சுற்றிய பரிட்டோ. லைல் அவளுக்கு எதிரே போய் நின்றான்.

"போயிடலாம். டோரீன், வண்டிய எடு. போயிடலாம்."

அவள் அவனுக்குப் பின்னால் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கறுப்புக் கண்ணாடியில் விமானம் தெரிந்தது, படிக்கட்டு தெரிந்தது. லைல் தெரியவில்லை.

பெட்டியைப் பார்த்தான். அவன் கீழே இறங்கிவிட்டான். எடை இறங்கவில்லை. நூற்றெழுபது பவுண்டும் உள்ளேயே இருந்தது.

அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். சட்டைத் துணியைக்கூட அவன் விரல் மடக்கவில்லை. காது அருகே போய்க் கத்தினான். டோரீன் காதோரம் ஈயை விரட்டுவதுபோலக் கையை வீசினாள்.

"யோவ் லைல்" என்றாள் வாக்கி-டாக்கியில். "என்ன பேச்சையே காணோம்? மயக்கம் கியக்கம் போட்டுட்டியா? பயமா இருக்குய்யா, பதில் சொல்லு."

அவள் நல்லவள். அவனுக்காக நியூ மெக்ஸிகோவிலிருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவள்.

கரகரவென்று இரைச்சல். பிறகு லைலின் குரல் வந்தது. மூக்கு விசிலோடு.

"ஒண்ணுமில்ல டோரீன். கணக்கு உதைக்குது. நீ ஒரு தடவ உக்காந்து பாத்தா சரியாயிடும். மேல வா."

"நான் அப்பவே சொன்னேன், மணல் இல்லன்னு" என்று சிரித்தாள் அவள். பயம் போன சிரிப்பு. பரிட்டோவை மேசையில் வைத்து, கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

லைல் முன்னால் போய்க் குறுக்கே நின்றான். அவள் நிற்கவில்லை. அவள் நடந்த காற்றே அவனை ஒதுக்கித் தள்ளியது. கைப்பிடிக் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டான். பாலைவனக் காற்று அவன் கால்களைத் தரையிலிருந்து தூக்கி, கொடியில் காயும் சட்டையைப் போலப் பக்கவாட்டில் படபடக்க வைத்தது.

படிகள் அவளுக்கு முனகின. ஒவ்வொன்றும்.

"எங்கய்யா ஒளிஞ்சிருக்க?" உள்ளே அவள் குரல் வாலை நோக்கிப் போனது. மேசைமேல் பெட்டியில் மூக்குச் சக்கரத்தின் எண் இறங்கியது. இன்னும் இறங்கியது. நின்றது.

ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

கொஞ்ச நேரம் காற்று மட்டும்தான். பிறகு, திறந்த கதவு வழியாக, டோரீனின் குரல், ஆச்சரியத்தோடு:

"லைல், ஒரு வேடிக்கை கேளேன். என் இடுப்பு வலி போயிடுச்சுய்யா!"

கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் ஒன்று கழன்றது. லைல் தலையைத் தூக்கி ஜன்னல்களைப் பார்த்தான். வாலிலிருந்து நடுவரை ஒவ்வொரு ஜன்னலிலும் அவன் முகம், நேராக முன்னால் பார்த்தபடி. கடைசி ஜன்னலில் அவன் முகத்துக்குப் பக்கத்தில் டோரீனின் முகம்.

அதற்கடுத்த ஜன்னலிலும் டோரீனின் முகம் வந்து உட்கார்ந்தது. கடைசி ஜன்னலில் இருந்தது எழுந்திருக்கவில்லை.