பதினேழாம் எண் கணினியின் தூக்கம்

நாற்பது கணினிகளையும் தூங்கவைத்துவிட்டுத்தான் பூமாரி பொரிப் பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டாவது பிடி வாய்க்குப் போகுமுன் பதினேழாம் எண் விழித்துக்கொண்டது.

பயந்துவிடாதீர்கள் கண்ணுகளா, பகல் மூன்று மணிதான். ஆயுத பூஜை நாள். ஒரகடத்து அந்தத் தொழிற்சாலையில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் வேன் ஏறியாயிற்று. ஜன்னலே இல்லாத சோதனை அறையில் ஏசியின் உறுமலும், காயாத சந்தனத்தின் வாசனையும், தூங்கும் பெட்டிகளின் நாற்பது மஞ்சள் விளக்குகள் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மூச்சும், நடுவே அவள் ஒருத்தியும்.

நாலு மணி நேரம் ஒன்றுகூட விழிக்கக் கூடாது. தேறினால் நாளை அவளுக்கு நிரந்தர வேலை. ஒன்று விழித்தாலும் பயிற்சி முடிந்தது என்று சொந்த ஊர் சிவகிரிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

கணினி தூங்கினாலும் அதன் யூஎஸ்பி துளைகளைக் காக்கும் சில்லு முழுசாய்த் தூங்காது. துளியூண்டு மின்சாரத்தை வைத்துக்கொண்டு அரைக்கண் மூடிக் காத்திருக்கும். செருகிய கைரேகைக் கருவியில் ஒரு விரல் பட்டால் போதும், கருவியின் கண்ணாடி சிவப்பாய் எரியும், சில்லு கணினியை உலுக்கி எழுப்பிவிடும். எழுந்த கணினி, தன்னை எழுப்பியது யார் என்று எழுதியும் வைக்கும்.

திரையில் எழுதியிருந்தது. நான்காம் துளை. கைரேகை. செல்வலட்சுமி.

செல்வலட்சுமி பூமாரிக்கு முன் இதே நாற்காலியில் இருந்தவள். ஆடி மாதம் ஒருநாள் ஷிஃப்டுக்கு வந்தவள் விடுதி அறைக்குத் திரும்பவில்லை. ஊருக்குப் போய்விட்டாளாம். வடக்குப்பட்டு விடுதியில் அவளுடைய தகரப்பெட்டி இன்னும் பூமாரியின் பாய்க்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. பெட்டியை விட்டுவிட்டா ஒருத்தி ஊருக்குப் போவாள்?

சூப்பர்வைசர் தணிகாசலத்தின் மேல்தான் முதலில் சந்தேகம் போயிற்று. அவருடைய மச்சினி இந்த வேலைக்காகக் காத்திருக்கிறாள். பூமாரி அவருக்குப் போன் போட்டாள்.

“சார், உள்ள யாரையும் அனுப்புனீகளா?”

“இன்னா பூமாரி, பூசை அன்னிக்கும் பேஜாரு பண்றே? அல்லாரும் வூட்டுக்குப் போயாச்சு. கேட்டாண்ட வாட்ச்மேன் கொம்பையா மட்டும்தான் குந்திகினு கீறான்.”

“செல்வலட்சுமி அக்கா பேரு வருது சார்.”

வடை மெல்லும் சத்தம் நின்றது.

“அத்த அழிச்சிடு,” என்றார், குரலை இறக்கி. “அப்பவே அழிக்கச் சொன்னேன். ஒருத்தனும் கேக்கல.”

வைத்துவிட்டார்.

காலையில் கைரேகைக் கருவியின் கண்ணாடியிலும் பூமாரிதான் சந்தனம் வைத்துப் பொட்டிட்டாள். பூஜை போட்டதை மறுநாள்வரை தொடக் கூடாது. ஆனாலும் ஈரச் சந்தனம் விரல் மாதிரி ஏய்த்திருக்குமோ? துடைத்தாள். கருவியைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, மேஜை டிராயருக்குள் போட்டு மூடினாள். பதினேழின் எல்லாத் துளைகளிலிருந்தும் எழுப்பும் அனுமதியை எடுத்துவிட்டுத் தூங்கவைத்தாள்.

மஞ்சள் விளக்கு ஏறியது. இறங்கியது. ஏறியது. நின்றது.

நான்காம் துளை. கைரேகை. செல்வலட்சுமி.

துளை காலியாக இருந்தது.

வருகைப் பட்டியலில் செல்வலட்சுமியின் பேர் இல்லை. கேன்டீன் பட்டியலிலும் இல்லை. இந்த ஒரு கணினியில்தான் மிச்சம் இருக்கிறது. பூமாரிக்கு அது தெரியும். நாளைக்கு வரப்போகும் நிரந்தர வேலைக் காகிதமும் தெரியும்.

“மன்னிச்சுக்கோக்கா.”

கணினியில் பதிந்திருந்த செல்வலட்சுமியின் விரலை அழித்தாள். இரண்டு தரம் விழித்த குறிப்பையும் அழித்தாள். தூங்கவைத்தாள்.

அதன்பிறகு ஒன்றும் விழிக்கவில்லை. ஏழு மணிக்கு நாற்பதும் தேறின. தேறியது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டபோது பேனா ஏனோ விரலில் வழுக்கியது.

கதவு விரல் வைத்தால்தான் திறக்கும். வைத்தாள்.

திறக்கவில்லை.

துப்பட்டாவில் துடைத்து மறுபடி வைத்தாள். அடுத்த விரல். அதற்கடுத்தது.

கையைக் கண்ணருகே கொண்டுவந்தாள். விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. கோடே இல்லை. ஒன்றிலும்.

பின்னால் வெளிச்சம் வந்தது.

பதினேழு.

திரையில் ஒரு கைரேகை, கோடு கோடாய்த் தன்னைத்தானே வரைந்துகொண்டிருந்தது. சின்ன வயசில் அரிவாள்மணை கீறிய தழும்போடு. அடியில் ஒரு பேர். பூமாரி.

டிராயர் மூடியபடியே இருந்தது. அதன் இடுக்கில், விரல் அழுந்தினால் மட்டும் எரியும் சிவப்பு.

அது அணையவில்லை.