கீறல் இல்லாத கை

சுரண்டும் சத்தத்தில்தான் அவள் கண் விழித்தாள். பிற்பகல் மூன்று மணி. தூக்கத்தில் சொறிந்துகொள்வது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இன்று இரண்டு கைகளும் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பிளாஸ்டிக் தாளுக்குள் இருந்தன.

சுற்றிவிட்டது நர்ஸாக இருக்கும் அண்ணி. களிம்பை அப்பி, தாளைச் சுற்றி, டேப் ஒட்டி, "நான் வர்ற வரைக்கும் பிரிக்காத, பேசாம படு" என்று சொல்லி, வழக்கம்போல் வெளியே பூட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போயிருந்தாள். நாளைக்குள் கை தேறாவிட்டால் நகைக்கடையில் அவள் நிற்கும் வளையல் கவுண்டர் வேறொருத்திக்குப் போய்விடும். "கஸ்டமர் முகம் சுளிக்கிறாங்கம்மா" என்று மேனேஜர் நாசூக்காகச் சொல்லிவிட்டார். இது யாருக்கும் ஒட்டிக்காது சார், ஒட்டிக்காது சார் என்று சொல்லி இவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

தோல் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். "சொரியாசிஸ்மா. பரம்பரையில இருக்கலாம், கவலை அதைக் கிளப்பிவிடும். உடம்பைக் காக்குற சக்தியே உங்க தோலை எதிரின்னு நெனச்சுக்குது. ஒரு மாசத்துல வளர வேண்டிய தோல் நாலு நாள்ல வளந்து செதிலா உதிருது. சொறியாதீங்க, கீறல் பட்ட இடத்துலயும் புதுசா வரும்."

மறுபடி அதே சத்தம். களிம்பின் தார் வாடையும் வியர்வைப் புழுக்கமும் தேங்கிய அந்த அறையில், ஜன்னல் பக்கமிருந்தும் இல்லை, கட்டிலுக்கு அடியிலிருந்தும் இல்லை, அவளுடைய இடது கைத் தாளுக்குள்ளிருந்தே அது நிதானமாக வந்துகொண்டிருந்தது. விரல்கள் அசையவில்லை.

ஃபோனை எடுத்தாள், வழுக்கி விழுந்தது. பிளாஸ்டிக் விரலுக்குத் திரை அசைந்து கொடுக்கவில்லை. கதவை முழங்கையால் இடித்தாள். "யாராவது இருக்கீங்களா? கதவத் திறங்களேன்."

யாரும் வரவில்லை.

இடது கை டேப்பைப் பல்லால் கடித்து இழுத்தாள். தாள் பிரிந்தது. கூடவே செதில்கள், கொத்துக் கொத்தாக. அடியில் கை பளபளவென்றிருந்தது. ஒரு திட்டு இல்லை. ஒரு கீறல் இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கே கவுண்டரில் நிற்கலாம்.

விரலை மடக்கிப் பார்த்தாள்.

மடங்கவில்லை.

பிறகு மடங்கியது. அவள் மடக்கவில்லை.

கை மெல்ல எழுந்தது. வலது கையால் தள்ளினாள். தாள் வழுக்கியது. அந்த அழகான விரல்கள் அவள் கழுத்துக்கு வந்தன. காதுக்குக் கீழே, ஒட்டிய டேப்பின் நுனியைத் தேடுவதுபோல், நகத்தால் நிதானமாகத் தடவித் தேடின.

உரிக்க ஒரு நுனி கிடைத்துவிட்டது.