என் கூடவே சொல்லுங்க

"என் பேர் ஆதிமூலம். வயசு இருபத்தொண்ணு. இப்ப இருக்கறது திருவண்ணாமலை, செங்கம் ரோடு."

ஒலிப்பதிவு எதுவானாலும் பதிவு செய்கிறவன் முதலில் தன் பெயரையும் வயதையும் இருக்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும் என்பது மைசூரில் அவனுடைய பேராசிரியர் போட்ட விதி. அந்த விதிப்படி ஆதிமூலம் காலையில் சொன்னதுதான் இப்போது டேப்ரிக்கார்டரிலிருந்து அவனுக்கே கேட்டுக்கொண்டிருந்தது. வாடகை அறையின் ஒற்றை ஜன்னலுக்கு வெளியே மலை கருத்துக்கொண்டு வந்தது. ஆசிரமத்துப் பக்கம் மயில் ஒன்று அகவி ஓய்ந்தது. கீழ் வீட்டில் யாரோ வரட்டி மூட்டிய புகை படியேறி வந்து அவன் சட்டையிலும் தலையணையிலும் உட்கார்ந்தது. டேப்பில் அடுத்து வரவேண்டியது 'தண்ணி' என்ற சொல். அவன் சொல்ல, அவனிடம் பேச்சுப் பயிற்சி எடுக்கும் ராணியம்மாள் திருப்பிச் சொன்ன சொல். ஆனால் அவன் குரல் எழுவதற்குச் சற்று முன்னால், நாடாவின் சரசரப்புக்கு அடியில், மிக மெலிதாக, அந்தச் சொல் ஒருமுறை கேட்டது.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். மறுபடியும் கேட்டது.

இதற்குக் காரணம் உண்டு. நாடா இறுக்கமாகச் சுற்றிக் கிடக்கும்போது ஒரு சுற்றின் ஒலி பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வரப்போகும் சொல் வருவதற்கு முன்பே நிழல்போலக் கேட்கும். வகுப்பில் படித்திருக்கிறான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஆனால் அப்படி முந்தி வருவது அதே குரலாகத்தான் இருக்க முடியும்.

இது அவன் குரல் இல்லை. ராணியம்மாளின் குரல்.

பேட்டரி தீர்ந்திருக்கும், கேசட் மட்டமானது என்று சொல்லிக்கொண்டு அணைத்தான். பேச்சுக் கோளாறுகளைப் பற்றிய பட்டப்படிப்பில் அவனுக்கு இது கடைசி வருஷம். மைசூர் கிளினிக்குக்கு வருகிறவர்கள் முக்கால்வாசி கன்னடக்காரர்கள். தமிழ் பேசுகிற ஒருவரைத் தேடிப் பிடித்து, பேச வைத்து, அதை ஒலிப்பதிவாகக் கொண்டுவந்தால்தான் வாய்மொழித் தேர்வில் உட்கார விடுவேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். வாய்மொழித் தேர்வு என்றாலே ஆதிமூலத்துக்குப் பயம். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அவன் திக்குவாய். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் அவன் பெயரைக் கேட்டுவிட்டு, அவன் 'ஆ... ஆ...' என்று கழுத்து நரம்பு புடைக்க நிற்பதை வேடிக்கை பார்க்கவே பையன்கள் கூடுவார்கள். மூச்சைப் பிடித்து, ராகம் போட்டு இழுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சம்பாதித்த பேச்சு அவனுடையது. வேறு சொத்து அவனிடம் கிடையாது.

அம்மா உண்ணாமலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கடிதத்துக்குப் பதில் கேசட்தான். அடுத்த வீட்டு டேப்பில் அதைப் போடச் சொல்லி, "எம்புள்ள பேசறத பாருங்க, ஒரு எடத்துல நிக்கறானா பாருங்க" என்று லைனையே கூட்டிவிடுவாள். இந்த ஊர் அம்மனின் பேரை வைத்துக்கொண்டு இந்த மலையை ஒருதரம்கூடப் பார்க்காதவள். நானும் வரேன்டா என்று அவள் சொல்லியனுப்பியதற்கு, பரீட்சை முடியட்டும்மா, நானே வந்து கூட்டிட்டுப் போறேன் என்று போன கேசட்டில் சொல்லியிருந்தான்.

ராணியம்மாளின் வீடு அவன் அறையிலிருந்து கூப்பிடு தூரம். வலது கையும் காலும் விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு அடியோடு போன அம்மாள், நடுவீட்டு நாற்காலியில் சாய்த்து வைத்தபடி இருப்பாள். மகள் சந்திரகலா புருஷன் வீட்டை விட்டுவிட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் ஒரு பெஞ்சு. அதில் மூத்த மகன் இருசப்பன் எந்நேரமும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மல்லாட்டை உரிப்பான். கடலை ஓடு உடையும் 'படக்' சத்தமும் காய்ந்த தோலின் மண்வாசனையும் அந்த வீட்டின் மூச்சுபோலவே இருந்தன. அவன் யாரிடமும் பேசமாட்டான். பிறவி ஊமை என்று ஆதிமூலம் நினைத்துக்கொண்டான்.

பேச்சு போனவர்களுக்கும் பாட்டு போவதில்லை. அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு பேச்சை மேலே இழுப்பது அவன் படித்த முறை. நோயாளியின் நல்ல கையைப் பிடித்துத் தாளம் தட்டிக்கொண்டே, முதலில் இருவரும் சேர்ந்து ராகமாகச் சொல்ல வேண்டும். அப்புறம் அவன் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் அவன் தன் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைக்க, அவள் குரல் தனியாக நிற்க வேண்டும்.

"என் கூடவே சொல்லுங்கம்மா. தண்... ணீ..."

அவளுடைய இடது கை குளிர்ந்திருந்தது. கிணற்றடியில் வைத்த செம்புபோல. அவன் தட்டத் தட்ட அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது.

சொற்கள் வந்தன. படித்ததைவிட, பேராசிரியர் சொன்னதைவிட வேகமாக வந்தன. தண்ணி, சோறு, வா, போ. வந்த சொல் மறுநாள் மறக்கவில்லை. சந்திரகலா வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், காலைல என்னைத் திட்டுச்சி சார். 'அடியே சோம்பேறி'ன்னு. காது குளுந்துபோச்சி."

"அந்த வார்த்தைய நான் சொல்லிக் குடுக்கலீங்களே அக்கா."

"அதெல்லாம் அம்மாவோட சொந்தச் சரக்கு சார்."

இருவரும் சிரித்தார்கள். பின்கட்டில் படக், படக்.

அன்றைக்குச் சாயங்காலம் மண்ணாங்கட்டியின் டீக்கடையில் போய் நின்றபோதுதான் அது நடந்தது. அவன் தினமும் சொல்வது, சக்கரை கம்மி. வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பழைய திக்கு திரும்பிவிட்டது என்று முதுகு வேர்த்தது. ஆனால் இது அது இல்லை. திக்கும்போது கதவுக்குப் பின்னால் சொல் முட்டிக்கொண்டு நிற்கும், கதவுதான் திறக்காது. இப்போது கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே காலி. சர்க்கரை டப்பாவைப் பார்த்தான். அதன் பெயர் என்ன என்று அவனுக்குத் தெரியவில்லை. விரலால் காட்டினான்.

"இன்னா சார், பேச்சு வாத்தியாருக்கே பேச்சு நின்னுபோச்சா?" மண்ணாங்கட்டி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். "ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்தா அப்படித்தான்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆதிமூலமும் சிரித்தான். டீ தித்தித்தது. குடித்துவிட்டு அறைக்கு ஓடினான்.

அன்றைய பதிவைப் போட்டான். அவன் பெயர், வயது, இடம். பிறகு சரசரப்பு. பிறகு ராணியம்மாளின் குரல், மெலிதாக இல்லாமல், நிழல்போல இல்லாமல், தெளிவாக, ராகமாக, சோ... று... என்றது. கொஞ்சம் பொறுத்து அவன் குரல் அதைத் திருப்பிச் சொன்னது. வா... என்றாள். வா என்றான். அவன்தான் முதலில் சொன்னான். அவள்தான் திருப்பிச் சொன்னாள். சந்திரகலா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். டேப்பில் அது தலைகீழாக இருந்தது. போகப்போக அவன் குரல் குழறியது. முதல் எழுத்து தேய்ந்தது. பிறகு கடைசி எழுத்து. நாடா முடியும் இடத்தில் அவன் குரலே இல்லை. உதடு ஒட்டிப் பிரியும் ஈரச் சத்தம் மட்டும்.

அதன்பின் அவள் குரல், அவன் தினமும் சொல்கிற அதே சொற்களில், அதே பொறுமையோடு சொன்னது.

"நல்லா சொன்னீங்க. இன்னொரு தடவை."

மறுநாள் அந்த வீட்டுக்கு அவன் பாடம் நடத்தப் போகவில்லை. இனி வரமாட்டேன் என்று சொல்லத்தான் போனான். சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ராணியம்மாள் நாற்காலியில் இருந்தாள். சாய்த்து வைத்தபடி இல்லை, நிமிர்ந்து இருந்தாள். மண்ணெண்ணெய்ப் புகையோடு அவள் தலையில் தடவியிருந்த எண்ணெயின் நெடியும் கலந்து வந்தது. வாயின் கோணல் கொஞ்சம் நேராகியிருந்தது.

சொல்ல வந்தது வரவில்லை. மிச்சமிருந்த சொற்களைப் பொறுக்கி வேறொன்றைக் கேட்டான்.

"அக்கா... உங்க அண்ணன்... பொறவியிலயேவா?"

"யாரு, இவனா?" சந்திரகலா சிரித்தாள். "கூத்துல கட்டியக்காரன் வேஷம் கட்டறவன், தம்பி. விடிய விடிய வாய் ஓயாது. ராஜா வேஷக்காரனையே நக்கல் பண்ணுவான். சனம் வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கும்."

நேற்றுவரை சார் என்றவள் தம்பி என்கிறாள் என்பது அவன் காதில் விழுந்தது.

"அம்மாவுக்கு மொதல்ல இழுத்துக்கிட்டப்ப இவன்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தான். உங்கள மாதிரி படிச்சிட்டு இல்ல. பாட்டா சொல்லுவான், அம்மா கூடவே சொல்லும்." திரியைச் சற்று இறக்கினாள். "அவன்து கார்த்திகை தீபம் வரைக்கும் வந்துச்சி."

"எது?"

"சாப்புட்டுப் போங்க. அம்மா பேசலன்னா இது வூடா இல்ல தம்பி. இவன் பேசலன்னா இன்னா, உக்காந்து மல்லாட்டை உரிக்கறான்."

படக் சத்தம் நின்றது. இருளில் பெஞ்சிலிருந்து இருசப்பன் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தான். அவன் உதடுகள் குவிந்தன. சத்தமில்லாத உதட்டைப் படிக்க ஆதிமூலம் பயின்றிருக்கிறான்.

போ.

அவன் போனான். அறையில் துணியை அள்ளிப் பையில் திணித்தான். டேப்ரிக்கார்டரைத் தோளில் மாட்டினான். காலேஜ் சாமான், விட்டுவிட்டுப் போக முடியாது. செங்கம் ரோடு நெடுக விளக்கில்லை. இடக்கைப் பக்கம் மலை கூடவே வந்தது. நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தான். ஆதிமூலம். ஆதிமூல். ஆதி. உதடு அசைந்தது. காற்று வந்தது.

பஸ் ஸ்டாண்டில் வேலூர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தான். வேலூர் போய்விட்டால் தங்கவயல் போய்விடலாம். அம்மாவிடம் போய்விட்டால் போதும்.

"எங்க?" கண்டக்டர்.

வாயைத் திறந்தான்.

"தண்ணி."

"இன்னாது?"

அவன் அதைச் சொல்ல நினைக்கவில்லை. தலையை ஆட்டினான். கையை ஆட்டினான். அழுகை வந்தது. "தண்ணி," என்றான். "தண்ணி, தண்ணி."

"அதான் நெறைய உள்ள போயிருக்கே. எறங்குய்யா. பொம்பளைங்க ஏறற வண்டி."

பையோடு இறக்கிவிடப்பட்டான். வண்டி நகர்ந்தது. டீசல் புகை. சுற்றி நாலு முகங்கள். அவன் முழங்கையில் ஒரு கை, மென்மையாக.

"எங்க வூட்டுத் தம்பிதாங்க," என்றாள் சந்திரகலா. "கொஞ்சம் ஒடம்பு சரியில்ல."

வழி விட்டார்கள்.

நடுவீடு. சிம்னி விளக்கு. பின்கட்டுப் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான் இருசப்பன். அவன் கண்கள் நிறைந்திருந்தன. ஆதிமூலத்தின் மடியில் ஒரு முறம் வந்தது. வலது கை எழவில்லை. இடது கை தானாக ஒரு மல்லாட்டையை எடுத்தது. படக்.

டேப்ரிக்கார்டர் ராணியம்மாளின் முன்னால். அதில் புதுக் கேசட். அவன் அம்மாவுக்கென்று வாங்கி வைத்திருந்தது.

ராணியம்மாள் வலது கையைத் தூக்கினாள். விழுந்துபோன அந்தக் கை. விரலால் பொத்தானை அழுத்தினாள். சக்கரங்கள் சுற்றின. மூச்சை இழுத்து, அளந்து, மெதுவாக விட்டாள். அவன் கற்றதுபோலவே.

"என் பேர் ஆதிமூலம்."

அவன் குரல்.

"வயசு இருபத்தொண்ணு. இப்ப இருக்கறது திருவண்ணாமலை, செங்கம் ரோடு. அம்மா, நல்லா இருக்கேன். வேளைக்குச் சாப்படறேன்."

ஒரு இடத்திலும் நிற்காத குரல். லைனே கூடிக் கேட்கப்போகும் குரல்.

கத்த வேண்டும். ஒரு சத்தம் நாடாவில் விழுந்தால் போதும். அம்மாவுக்குத் தெரிந்துவிடும். வயிற்றிலிருந்து எக்கினான்.

"தண்ணி!"

சந்திரகலா சொம்போடு வந்தாள். "இந்தாங்க தம்பி." வாயோடு வைத்துச் சாய்த்தாள். தண்ணீர் கோணிய உதட்டோரம் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது.

"பரீட்சை முடியறவரைக்கும் காத்திருக்க வேணாம்மா. இப்பவே வா. இங்க பக்கத்துல உக்காந்து நெறைய பேசலாம். நான் சொல்லச் சொல்ல நீ கூடவே சொல்லு."

விளக்குச் சுடர் ஆடவில்லை. பெஞ்சில் இருசப்பனின் உதடு அசைந்தது. பக்கத்தில் ஆதிமூலத்தின் உதடும் அசைந்தது. நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும், ராகம் பிசகாமல், நாற்காலியில் இருந்த வாயோடு சேர்ந்து, சத்தமில்லாமல். மூன்று வாய். ஒரு குரல்.

"இந்தக் கேசட்டப் போட்டுக் காட்டறவங்க யாரா இருந்தாலும் சரிங்க, எங்க அம்மாவக் கொஞ்சம் திருவண்ணாமலை பஸ்ஸுல ஏத்தி வுடுங்க."