படித்ததாகக் குறிக்கப்பட்டவை

"அது இல்லக்கா, நீங்க இன்பாக்ஸுக்குள்ள மட்டும் தேடிட்டு இருக்கீங்க. மேல தேடுற கட்டத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கா?"

"இருக்கு."

"அதை அமுக்கி, 'எல்லா ஃபோல்டரும்'னு மாத்துங்க. சாவியைக் காணோம்னா கூடத்துல மட்டும் தேடினா கிடைக்குமா? சட்டைப் பையிலயும் கையை விடணும்ல."

"உன் உபதேசத்தை அப்புறம் வெச்சுக்கோ. மூணு தடவை தேடிட்டேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு காட்டுது. முதல்ல பதினொண்ணு, அப்புறம் பன்னெண்டு, இப்போ பதினாலு. நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தல."

தொலைபேசியின் மறுமுனையில் அவன் சிரித்தான். கணினி பழுது பார்ப்பவன். எந்த நோய்க்கும் ஒரே மருந்து சொல்வதால் கிடங்கில் எல்லோருக்கும் அவன் 'ரீஸ்டார்ட்'.

"பழைய மெயிலை எல்லாம் அது இன்னும் படிச்சு அடுக்கிட்டு இருக்கும். பத்து வருஷக் குப்பை. அடுக்க அடுக்க எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். பொறுமையா இருங்க, இல்லாட்டி..."

"அதை மட்டும் சொல்லிடாதே."

"சரி, சொல்லல. அனுப்பினவர் யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும்னு போட்டுத் தேடுங்க. சும்மா ஒரு வார்த்தையை மட்டும் போட்டா ஊரே வந்து நிக்கும்." குரலைத் தாழ்த்தினான். "நீங்க எழுதினது உண்மைதானேக்கா?"

"உன்கிட்டயும் சத்தியம் பண்ணணுமா?" என்று அவள் வைத்துவிட்டாள்.

மணி இரண்டே கால். நான்கு மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார்.

கிடங்கில் யாரும் இல்லை. விசாரணை முடியும்வரை வேலை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. உறைந்த பட்டாணியும் இறைச்சியும் வேறு இடத்துக்குப் போய்விட்டன. வழக்கமாகத் தள்ளுவண்டிச் சக்கரங்கள் கடகடக்கும் தாழ்வாரத்தில் குழல் விளக்கின் ரீங்காரம் மட்டும் கேட்டது. ஈரமான அட்டைப்பெட்டியின் வாடையும், இரும்பில் உறைந்து உருகிய தண்ணீரின் மக்கிய வாடையும் சுவரிலேயே ஊறிப்போயிருந்தன. அவளுடைய அறையிலிருந்து உறைகுளிர் அறைக்கு முப்பது அடி தூரம். நடுவே ஒரு முழம் கனத்தில் நுரை அடைத்த சுவர்.

அந்த அறைக்குள்தான் ஒன்பது நாளுக்கு முன், ஒரு சனிக்கிழமை மதியம், கம்பளி சிக்கிக்கொண்டான்.

வெயில் காலத்திலும் நீலக் கம்பளிச் சட்டையும் கம்பளிக் கையுறையும் போட்டுக்கொண்டு திரிந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். பெட்டி எண்ண உள்ளே போனான். கதவு தானாக மூடிக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி திரும்பவில்லை. அன்று மாலையே மைத்துனன் ஊருக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்ததால் மனைவியும் தேடவில்லை. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது அவன் கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் யாரிடமோ எதையோ வாங்கப்போகிறவன்போல நீட்டியிருந்தான்.

கைப்பிடி பழுது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்றார் மேலாளர். நான்கு மாதத்துக்கு முன்பே உங்களுக்கு எழுதினேன் என்றாள் இவள். எழுதியதைக் காட்டினால் தப்பித்தாள். காட்டாவிட்டால் கிடங்கின் மேற்பார்வையாளர் என்ற முறையில் எல்லாம் அவள் தலையில் வந்து விடியும். வேலை போகும், வழக்கு வரும்.

அனுப்பியவர் என்ற இடத்தில் தன் பெயரையும் பெறுநர் இடத்தில் மேலாளரையும் போட்டாள். சொல்: கைப்பிடி. தேதி: நான்கு மாதத்துக்கு முன்.

ஒரே ஒரு வரி வந்து நின்றது.

அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. 'உறைகுளிர் அறையின் உள்பக்கக் கைப்பிடி இறுகிப்போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.' ஒவ்வொரு சொல்லும் அவள் எழுதியதுதான். அச்சடிக்கப் போனவளின் கண், அந்த வரியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் இருந்த ஃபோல்டர் பெயரில் விழுந்தது.

டிராஃப்ட்.

எழுதியிருக்கிறாள். அனுப்பவில்லை. அன்று மேலாளர் யார் மேலோ எரிந்து விழுந்துகொண்டிருந்தார். கொஞ்சம் ஆறட்டும், நாளைக்கு அனுப்பலாம் என்று மூடி வைத்தது இப்போது ஞாபகம் வந்தது. அந்த நாளை வரவேயில்லை.

"கிடைச்சுதாம்மா?"

மேலாளர் கதவில் சாய்ந்து நின்றார். அவள் கை தானாகத் திரையைச் சிறிதாக்கியது.

"தேடிட்டு இருக்கேன் சார்."

"இல்லாததைத் தேடினா எப்படிம்மா கிடைக்கும்?" குரலில் கோபமே இல்லை. வெல்லப்பாகு மாதிரி இருந்தது. "நமக்குள்ள எதுக்கு அடிச்சுக்கணும்? அவன் கவனக்குறைவா இருந்துட்டான், அவ்வளவுதான். வர்றவர் கேட்டா தெரியாது, எதுவும் வரல, பார்க்கல. மூணே பதில். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடலாம்."

படியேறும் செருப்புச் சத்தம் மெல்லத் தேய்ந்தது. அவருடைய அறைக்கதவு மூடிய பிறகு அவள் மறுபடி திரையைப் பெரிதாக்கினாள். அனுப்பியவர் பெயரை எடுத்துவிட்டு, வேறு யாராவது இதைப் பற்றி எழுதியிருந்தால் அதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று வெறுமே 'கைப்பிடி' என்று தேடினாள்.

பதினைந்து.

ஒன்று அவளுடைய டிராஃப்ட். மீதிப் பதினான்கும் ஒரே முகவரியிலிருந்து வந்தவை. அது மனிதரின் முகவரி இல்லை. உறைகுளிர் அறைக்குள் சுவரில் மாட்டியிருந்த வெப்பநிலைக் கருவியின் முகவரி.

அந்தக் கருவி மணிக்கு ஒருமுறை அறையின் குளிரைக் குறித்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். கருவியின் திரையில் கீழே 'குறிப்பு' என்று சின்னக் கட்டம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பவர் எழுதினால், அடுத்த மணிக்குப் போகும் மின்னஞ்சலோடு அதுவும் போகும். ஒரு நாளைக்கு இருபத்துநான்கு. எரிச்சல் தாங்காமல் மூன்று வருடத்துக்கு முன் அவளே ஒரு விதி போட்டு வைத்தாள். அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் இன்பாக்ஸுக்கு வராமல் தனி ஃபோல்டருக்குப் போய், தானாகவே 'படித்தது' என்று குறிக்கப்பட்டுவிடும். யார் உதவியும் இல்லாமல் தானே செய்துவிட்ட பெருமையில் ரீஸ்டார்ட்டிடம்கூடக் காட்டினாள். அந்த ஃபோல்டரை அதன்பிறகு அவள் திறக்கவே இல்லை. உள்ளே இருபத்தாறாயிரத்துச் சொச்சம் கிடந்தன.

கம்பளி வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தக் கருவியைக் காட்டி அவள் சொன்னாள்: "உள்ள போன் எடுக்காது. ஏதாவது பிரச்சனைன்னா இதுல எழுது. நான் பார்த்துடுவேன்."

சொல்லை அழித்துவிட்டு, கருவியின் முகவரியை மட்டும் போட்டு, தேதியைச் சனிக்கிழமையிலிருந்து என்று வைத்தாள்.

மதியம் 2.00. மைனஸ் இருபத்தொன்று. குறிப்பு: *கைப்பிடி திரும்பல மேடம். வெளியிலிருந்து திறங்க.*

3.00. *தட்டிட்டே இருக்கேன். கேக்குதா.*

4.00. *இன்னிக்குக் கம்பளியும் பத்தல மேடம். சிரிக்காதீங்க.*

5.00. *ஷட்டர் இறக்குற சத்தம் கேக்குது. போகாதீங்க கைப்பிடி மாட்டிக்கிச்சு போகாதீங்க.*

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை மதியம் முழுவதும் இதே நாற்காலியில், இதே திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். வார இறுதிக்குள் இன்பாக்ஸைச் சுத்தமாக்கிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பதில் போட்டாள். நாலே முக்காலுக்குப் படிக்காதது ஒன்றுமில்லை என்று காட்டியது. கம்பளி ஊருக்குக் கிளம்பியிருப்பான் என்று நினைத்து, நிம்மதியாக ஷட்டரை இறக்கிவிட்டுப் போனாள். ஒரு வரி எழுதிவிட்டு அது போய்ச்சேர ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். காத்திருந்திருக்கிறான். அடுத்த வரியை எழுதிவிட்டு மறுபடியும் காத்திருந்திருக்கிறான்.

6.00. எழுத்துகள் சிதறிக் கிடந்தன. கையுறை விரலால் அழுத்தியிருப்பான். அல்லது விரல் விறைத்திருக்கும்.

7.00. குறிப்பு: காலி.

8.00. காலி. 9.00. காலி.

போன வாரம் அவன் மனைவி வாசலில் நின்று, "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா மேடம்?" என்று கேட்டாள். "இல்லம்மா, ஒண்ணும் சொல்லல" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு இவள் சொன்னாள். மனதார நம்பித்தான் சொன்னாள்.

ஞாயிறு முழுவதும் காலி. அவள் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனாள். திங்கள் காலை எட்டரைக்குக் கதவைத் திறந்தார்கள். பத்து மணிக்குக் காவலர்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தி, கருவியைச் சுவரிலிருந்து கழற்றி, உறையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். அவள்தான் கையெழுத்துப் போட்டாள். ஆக, பட்டியல் அங்கே முடிய வேண்டும்.

முடியவில்லை.

திங்கள் 11.00. மைனஸ் இருபத்தொன்று. *திறந்தீங்க. ஆனா நான் வெளிய வரல.*

குழல் விளக்கின் ரீங்காரம் நின்றுபோயிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் இடத்தில் வேறொரு சத்தம், தாழ்ந்து, சீராக, தரை வழியாகக் காலுக்கு ஏறியது. குளிரூட்டும் இயந்திரத்தின் சத்தம். ஒரு வாரமாக நின்றுகிடக்கிற இயந்திரம்.

செவ்வாய். *கைப்பிடி இன்னும் திரும்பல.*

புதன். *கைப்பிடி இன்னும் திரும்பல.*

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. அதே வரி, நாளுக்கு இரண்டு முறை. எல்லாமே படித்ததாகக் குறிக்கப்பட்டு, எல்லாமே மெலிந்த எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக.

இன்று மதியம் 1.00. *தேடுறீங்களா மேடம்?*

இன்று மதியம் 2.00. *என்னைத் தேடல. உங்க மெயிலைத் தேடுறீங்க.*

அவள் மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது.

மேலே மேலாளரைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன காட்டுவது? எதுவும் வரவில்லை, பார்க்கவில்லை என்று சொல்லப்போகிறவளின் கணினியில், அவள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் வந்த மூன்று குறிப்புகள். மூன்றின் பக்கத்திலும் 'படித்தது' என்ற அடையாளம். விதிதான் அப்படிக் குறித்தது, நான் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? விதியைப் போட்டது யார் என்றுதான் கேட்பார்கள்.

மணி இரண்டு ஐம்பத்து ஆறு.

ஃபோல்டரைத் திறந்தாள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். இருபத்தாறாயிரம் வரிகளும் ஒரே நொடியில் நீலமாயின. விரல் நுனி மரத்துப்போயிருந்தது. அழுத்தியது அவளுக்கே தெரியவில்லை.

'நிரந்தரமாக நீக்கவா?'

"மன்னிச்சுடுப்பா," என்றாள். "எனக்கும் குடும்பம் இருக்கு."

ஆம்.

வரிகள் கீழிருந்து மேலாக மறைந்தன. ஆயிரம் ஆயிரமாக. கடைசியில் வெள்ளை. ஒன்றுமில்லை. தேடு கட்டத்தில் மறுபடி 'கைப்பிடி' என்று அடித்தாள். அவளுடைய டிராஃப்ட் மட்டும் வந்தது. அதையும் நீக்கினாள். இன்னொரு முறை தேடினாள்.

முடிவுகள் இல்லை.

நாற்காலியில் சாய்ந்தாள்.  தெரியாது. வரல. பார்க்கல. சொல்லிப் பார்த்தாள். சுலபமாகத்தான் இருந்தது.

மணி மூன்று.

டிங்.

தனி ஃபோல்டரில் இல்லை. இன்பாக்ஸில். மூன்று வருடத்தில் முதன்முறையாக. தடித்த கறுப்பு எழுத்தில், படிக்காததாக.

அவள் தொடவில்லை. சுட்டியின் மேல் கையே இல்லை. அது திறந்தது.

திரையின் ஓரங்களில் வெள்ளை படர்ந்தது. பனி. நாலா பக்கமும் ஊர்ந்து நடுவே வந்து எழுத்துகளை மூடியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். கண்ணாடி வழவழவென்று உலர்ந்திருந்தது.

பனி உள்பக்கத்தில் இருந்தது.

பிறகு உள்ளேயிருந்து யாரோ துடைக்கத் தொடங்கினார்கள். மெதுவாக. வட்டமாக. வலிக்கிற கையால் துடைப்பதுபோல. முதலில் நீலக் கம்பளி நூல் தெரிந்தது. பிறகு நூல் பிய்ந்த நான்கு விரல்கள். விரல்களுக்குப் பின்னால், வெளியே பார்க்கக் குனிந்த ஒரு முகத்தின் உறைந்த இமை. இமைக்குக் கீழே, அவன் துடைத்துவிட்ட இடத்தில், ஒரே ஒரு வரி.

*படிச்சேன்னு மட்டும் ஒரு பதில் போடுங்க மேடம்.*