நாலில் ஒன்று மட்டும் மினுங்கியது

குடையைப் படக்கென்று மடக்கியவன் அதிலிருந்த தண்ணீரையெல்லாம் ரெனிதாவின் லேப்டாப் பை மேல் கொட்டினான். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் அன்று அப்படி ஒரு மழை!

"கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரியுதுங்க... ஒரு லைட்டு நாலாத் தெரியுது!"

நனைந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். அடேயப்பா, அந்தக் கண்கள்... மழை கழுவி வைத்த மாதிரி! கோபம் போன இடம் தெரியவில்லை அவளுக்கு.

"என் ஆராய்ச்சியே அதாங்க," என்று சிரித்துவிட்டாள், வானியல் ஆராய்ச்சி மாணவி.

அவன் யூஜின். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். மாங்காட்டு பஸ் வரும்வரை கேள்வியாகக் கேட்டான். மறுநாளும் கேட்டான், பிறகு வாரக்கணக்கில் கேட்டான். அவளும் சளைக்காமல் சொன்னாள். வெகு தொலைவில் குவாசார் என்றொரு ஒளி. நடுவில் ஒரு விண்மீன் மண்டலம். அதன் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால் ஒன்று நாலாகத் தெரியும்.

"நாலுல ஒண்ணு மட்டும் மினுங்கினா?"

"நடுவுல ஏதோ நட்சத்திரம் குறுக்கே போகுதுன்னு அர்த்தம். குவாசாரே மினுங்கினா நாலுலயும் தெரியும்... வேற வேற வழியில வர்றதால முன்னப்பின்ன வரும். காத்திருந்து பாத்துத்தான் நம்புவோம்."

ஒரு மாலை, மென்று விழுங்கிச் சொல்லிவிட்டான். "உங்களை எனக்குப் புடிச்சிருக்கு."

அவள் நெஞ்சு துள்ளியது. வாய் சும்மா இருந்ததா? படித்த பெருமை!

"ஒரு தடவ மினுங்கினா நாங்க நம்பமாட்டோம். இன்னொரு தடவ சொல்லுங்க, பாக்கலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் முகம் சுண்டிப்போனது.

"நான் இன்னா கம்பெனிக்கு வந்த பார்ட்ஸா, செக் பண்ணிப் பாக்க?"

பஸ் ஏறிப் போனவன் அந்தப் பக்கமே வரவில்லை. அவள் ஒரு போன் செய்திருக்கலாம். அவனே வரட்டும் என்று இருந்துவிட்டாள், பாவி மகள்...

சில மாதம் கழித்து, பங்குக் கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தார்கள். யூஜினுக்கும் ஆவடி ஹெலினாவுக்கும் திருமணம். தடை தெரிந்தவர்கள் சொல்லலாமாம். மூன்றாம் ஓலைக்கும் ரெனிதா தலைகுனிந்தே இருந்தாள். ஒருத்திக்கு அவனைப் பிடித்திருந்தது என்பதெல்லாம் ஒரு தடையா?

பூசை முடிந்து வந்தால் வெளியே மழை. கோயில் முகப்பில் குடையோடு அவன்.

"நல்லாக் கீறீங்களா?"

"அன்னிக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் யூஜின்... நாலுல ஒண்ணு மட்டும் மினுங்குதே, அது திரும்ப வராது. ஆனா குவாசாரோட உள்ளே என்ன இருக்குன்னு அதுதான் காட்டிக் கொடுக்கும். அதை வெச்சுத்தான் என் ஆராய்ச்சியே. தெரிஞ்சும் உங்ககிட்ட இன்னொரு தடவ கேட்டேன்."

அவன் குடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் திரும்ப வந்திருக்கலாம்..."

"ஹெலினாவை நல்லா வெச்சுக்குங்க. இதை நானும் ஒரே தடவதான் சொல்லுவேன்... உங்களை எனக்குப் புடிச்சிருந்துச்சு. அந்த மொத நாள் மழையிலயே."

யூஜின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். முகப்புக்குள் மழை வரவில்லை.