செம்புக்குப் பக்கத்தில் ஒரு கை

படத்தில் செம்பு இருந்தது. அதை வைத்தவர் ராஜரத்தினம். செம்புக்குப் பக்கத்தில் வளையல் போட்ட ஒரு கையும் இருந்தது. அதை அவர் வைக்கவில்லை.

கண்ணாடித் தட்டுக்குப் பின்னால் லேசர் விளக்கைப் பிடித்து, தலையை இடப்பக்கம் சாய்த்தார். லேசர் படத்தில் அது ஒரு விசேஷம். சாய்ந்து எட்டிப் பார்த்தால் பொருளுக்குப் பின்னால் இருப்பதும் தெரியும். செம்பின் வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சுண்டுவிரல் தெரிந்தது. நகக்கண்ணில் காய்ந்த மாவுகூடத் தெரிந்தது. அவர் மனைவி இசக்கியம்மாளின் கை.

ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மனிதருக்கு லேசர் எதற்கு என்று மாம்பலத்தில் கேட்காத ஆள் இல்லை. மற்றவர்கள் தபால்தலை சேர்த்தார்கள், சீட்டாடினார்கள், சபாவில் போய்த் தூங்கினார்கள். இவர் ஒரு நாள் மழைக்கு ஒதுங்க ஏதோ கல்லூரிப் பொருட்காட்சிக்குள் நுழைந்தார். சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு, மணல்மணலாக மினுங்கிக்கொண்டிருந்தது. இவர் தலையை ஆட்டினால் அந்த மணலும் ஊர்ந்தது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். அந்தக் கல்லூரி பழைய லேசர் குழாயைக் கழித்துக்கட்டியபோது முதல் ஆளாகப் போய் வாங்கி வந்தார். பின்னறையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, அடியில் ஸ்கூட்டர் ட்யூப் கொடுத்து, மேலே மணலை நிரப்பினார். ஜன்னலுக்குக் கடையின் கறுப்புக் காகிதம்.

"ஊர்ல மண்ண வெளிய கொட்டுவாங்கோ," என்றாள் வேலைக்கு வருகிற தாயம்மா. "நம்ம அண்ணாச்சி ரூமுக்குள்ள கொட்டிக்கினு கீறாரு."

மணல் எதற்கென்றால், படம் விழுகிற சில நிமிஷம் எதுவும் அசையக் கூடாது. மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட. வீடோ ரயில்பாதையை ஒட்டி. தாம்பரம் வண்டி போனால் சுவர்க் கடிகாரமே கிடுகிடுக்கும். தட்டு மேல் தட்டாக, கழுவின சிலேட்டு போல வெறுமையாக வந்தது. ஆட்டுக்கல்லைச் சுற்றினதற்கு இசக்கியம்மாள் மேல் எரிந்து விழுந்தார். கதவைத் தட்டினதற்குப் பால்காரர் மேல் விழுந்தார். வருஷக்கணக்கில் இதே பாடு.

எழுபத்துநாலு மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. பட்டணமே புலம்பியது. சந்தோஷப்பட்ட ஒரே ஆள் ராஜரத்தினமாகத்தான் இருக்கும். முதல் நாளே செம்பு படமாக விழுந்தது. அடுத்துத் தன் கையை வைத்துப் பார்த்தார். கை விழவில்லை. அந்த இடத்தில் கை வடிவத்தில் ஒரு கறுப்புக் குழி. ரத்தம் ஓடுகிற எதுவும் அசைந்துகொண்டேதான் இருக்கும். அசைகிறது லேசருக்குத் தெரியாது. அதனால்தான் படம் விழும்போது தன் மூச்சுகூடப் படாமல் வெளியே போய் நிற்பார்.

அப்படி நின்ற ஒரு மத்தியானம் விழுந்ததுதான் இந்தக் கை.

"ஏளா, நான் வெளிய நிக்கும்போது உள்ள வந்தியா?"

"கொல்லக் கதவு வழியா வந்தேன். அப்படி என்னதான் வச்சிருக்கியன்னு மண்ணுல கைய ஊனிப் பாத்துக்கிட்டு நின்னேன். படத்துக்குக் கேடு வந்துட்டோ?"

"வரலை," என்றார் எரிச்சலாக. கதவு திறந்த காற்றுக்கே கெட்டிருக்க வேண்டும்.

சாதனத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார். மறுநாள் தாயம்மாவின் கையை மணலில் வைக்கச் சொன்னார்.

"பொம்பள கைய படம் புடிக்கிற, அம்மா உள்ள கீறாங்கோ, பாத்து அண்ணாச்சி."

தட்டைக் கழுவிப் பார்த்தார். வளையலோடு சேர்ந்து கறுப்புக் குழி. தாயம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாது, என் கைய எலி தின்னுட்ச்சா?"

சாதனம் சரியாகத்தான் இருந்தது.

அதன்பின் வீட்டில் சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. ரயில் இல்லாத மாம்பலத்தில், அக்கினி நட்சத்திர வெயிலில் காரை விரிகிற சத்தம், குழாய் சொட்டுகிற சத்தம், படம் கழுவுகிற மருந்தின் புளிப்பு நெடிக்குள் தன் மூச்சு மூக்கில் போய் வருகிற சத்தம். எதிரே உட்கார்ந்து பரிமாறுகிற இசக்கியம்மாளிடமிருந்து எதுவும் கேட்கவில்லை. அவள் கழுத்துச் சங்கிலியையே பார்த்தார். தொண்டைக்குழியில் அது ஆணி அடித்த மாதிரி கிடந்தது.

"என்னத்த பாக்குதிய? இத்தன வருசம் பாக்காததையா?"

எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தார். அவள் கையைக் கடைசியாகத் தொட்டது எப்போது? தட்டுகள் ஞாபகம் வந்தன. ட்யூப் வெடித்த நாள் வந்தது. கை வரவில்லை. தன் மேலேயே வெறுப்பாக வந்தது. அவள் நல்லபடியாக இருந்தால் போதும், லேசரைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம்.

"இன்னொரு தரம் கைய வைக்கியா?" என்றார்.

"இப்பவாவது கூப்பிட்டியளே."

இந்தத் தடவை அவர் வெளியே போகவில்லை. பக்கத்தில் நின்றார். மணல் மேல் அவள் கையைப் பற்றினார். அவள் விரல்கள் அவர் விரல்களைத் திருப்பிப் பற்றின. லேசரை மறைத்த அட்டையை எடுத்தார். சிவப்பு மங்கல். செம்பு. இரண்டு கை.

கட்டைவிரலால் நாடியைத் தேடினார்.

துடித்தது.

அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் தோன்றியது, கட்டைவிரலிலும் ஒரு துடிப்பு உண்டு. அது தன்னுடையது. அதையே கவனித்தார். மெதுவானது. இன்னும் மெதுவாக.

பிறகு இல்லை.

அட்டையை வைத்து மறைத்தார். பச்சை விளக்கில் தட்டைக் கழுவினார். மருந்து சிந்தியது. அவள் பின்னால் நின்றாள். காத்திருந்தாள்.

உலர்ந்த தட்டை ஒளியில் பிடித்தார்.

அவள் கை முழுசாக இருந்தது. அவர் கையில், அவள் பிடித்திருந்த விரல்கள் இருந்தன. மோதிரம். நகக்கீறல். ஒவ்வொரு ரோமமும். மணிக்கட்டு வரை தெளிவு.

அதற்கு மேல் கறுப்பு. அசைகிற, உயிருள்ள கறுப்பு. அவ்வளவுதான் மிச்சம்.

"முகம் ஏன் இப்படி வேர்த்திருக்கு?" இசக்கியம்மாள் முன்னால் வந்தாள். "நெஞ்ச அடைக்கோ?"

தலையை ஆட்டினார். வேண்டாம் என்றுதான் ஆட்டினார்.

"இருங்க. தடவி விடுதேன்."

சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். அடுத்ததையும். உள்ளங்கையை அவர் நெஞ்சின் இடப்பக்கம் வைத்தாள்.

எடுக்கவில்லை.